பன்னிரண்டு பல்

அக்கா புருஷன் சுதாகரைப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது. சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் அவன் செய்ததை நினைத்தால் தேவிப்பிரியாவுக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வருகிறது.

ரிமோட் டிரக்கை அவளும் சுதாகரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். முழங்கை நீளம், நாலு தடித்த சக்கரம், மண்ணில் ஓடுவதற்கென்றே செய்த வண்டி. சுதாகர் லோடு ஆட்டோவில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகிறவன். தேவிப்பிரியா கல்பாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறாள். கடற்கரைப் பந்தயத்தில் ஜெயித்தால் கோயம்புத்தூரில் நடக்கும் பெரிய பந்தயத்துக்குப் போகலாம். இரண்டு வருஷமாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அதற்கே போனது. இருப்பது ஒரே மோட்டார், அது கருகினால் எல்லாம் முடிந்தது.

அதனால் மோட்டார் முனையில் மாட்டும் பினியனுக்காகவே ஒரு மாதம் மெனக்கெட்டாள். அந்தக் குட்டிச் சக்கரத்தில் பல் கூடினால் வேகம் கூடும், இழுவை குறையும், மோட்டார் கொதிக்கும். தார் ரோட்டில் பதினெட்டுப் பல் பறக்கும். மணலில் அதுவே மோட்டாரைத் தின்றுவிடும். பதினைந்து போட்டு ஓட்டினாள், மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. பதிமூன்றில் மூன்று எண்ணும்வரை வைத்தாள். பன்னிரண்டில் நிதானமாகப் பத்து எண்ணினாள். பன்னிரண்டுதான் என்று முடிவு செய்து, மூடியை நாலு ஸ்குரூ போட்டு முறுக்கி, டிரக்கை அக்கா ரேணுகா வீட்டில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

குப்பத்தில் எந்த வண்டியும் எலுமிச்சம்பழத்தில் ஏறி இறங்காமல் முதல் ஓட்டம் ஓடாது. பொம்மை வண்டிக்கும் அதே சட்டம்தான் என்று பந்தயம் நடத்திய திருவேங்கடம் சொல்லிவிட்டார். மற்ற வண்டிகள் குங்குமம் வைத்த பழத்தில் மெதுவாக ஏறி இறங்கின. தேவிப்பிரியாவின் டிரக் பழத்தில் முட்டி, உதறி, அங்கேயே நின்றது. இழுவை இல்லை. கூட்டம் சிரித்தது. சுதாகர் சட்டென்று முன்னே வந்து, பழத்தைச் செருப்புக் காலாலேயே நசுக்கி, டிரக்கை அதன்மேல் தள்ளிவிட்டான்.

அவளுக்கு அப்போதே பொறி தட்டியது. மூடியைத் திறந்தீர்களா என்று கேட்டாள்.

"உங்க அக்கா மேல சத்தியமா தொடல தேவி. மண்ணு ஈரமா கீது, அதான். ஓட்டு."

கொடி ஏறிவிட்டது. ஊர் பார்க்க அக்கா புருஷனைப் பொய்யன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஓட்டினாள். இரண்டு சுற்று டிரக்தான் முன்னால் போனது. மூன்றாவது சுற்றில் மணல் மேட்டில் முக்கியது, முனகியது, புகைந்தது. கருகிய மோட்டாரின் நாற்றம் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

கண்ணு பட்டுவிட்டது என்று சுதாகர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களும் தலையாட்டினார்கள். தேவிப்பிரியா மூடியைக் கழற்றி, பினியனை உருவி, பல்லை எண்ணினாள். பதினெட்டு. சூடு ஆறுவதற்குள் அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அதை ஊதி ஊதி ஆற்றினான்.

"ரெண்டு ரவுண்டு எப்டி போச்சு பார்த்தியா? அடுத்த தபா பத்தொம்போது போட்லாம்."

இவனோடா அக்கா பத்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள் என்று நினைத்தாள். அவனை நம்பி ரிமோட்டைப் பிடித்த தன் கைமேலும் அருவருப்பாக இருந்தது.

வீட்டு வாசலில் ரேணுகா உப்பும் மிளகாயும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் போனில் சொல்லியிருக்கிறான். டிரக்குக்குச் சுற்றினாள், பிறகு புருஷனை நிற்க வைத்துத் தலையைச் சுற்றக் கையைத் தூக்கினாள். அவனும் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பொய்ச் சத்தியம் செய்தவனை விட்டுவிட்டு, யார் தலைமேல் செய்தானோ அவர்களைத்தான் அந்தப் பாவம் பிடிக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தேவிப்பிரியா அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவருக்கு வேணாங்கா. உனக்கு சுத்திக்கோ."

ரேணுகா புரியாமல் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.