குசினிக்குப் பின்னால கிடந்த தொடையெலும்பு

வணக்கம் பிள்ளையள். எல்லாரும் சுகமோ? இடுப்பு, முழங்கால் எல்லாம் சொல்லுக் கேக்குதோ? என்னட்டக் கேக்காதேங்கோ, கதிரையில இருந்து எழும்பவே மூண்டு தெய்வத்தைக் கூப்பிடவேண்டிக் கிடக்கு. ஆனா இண்டைக்கு என்ர எலும்புக் கதை இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரெண்டில எங்கட சமையல் குசினிக்குப் பின்னால நான் கிண்டி எடுத்த எலும்பின்ர கதை.

அப்ப வெருகலுக்குக் கிட்ட, கடற்கரைப் பக்கம் இருந்தனாங்கள். என்ர மனுசன் குஞ்சித்தம்பி மீன்பிடி. அவருக்கு ஒரு தமையன், வீரக்குட்டி. ஆறடிக்கு மேல, வாசலால குனிஞ்சுதான் வருவார். ரெண்டு பேருக்கும் ஒரே தோணி, அதால ஓயாத சண்டை. ஐம்பத்தொன்பதில ஒருநாள் ரெண்டு பேருமாத் தோணியில போச்சினம், இவர் மட்டும் திரும்பி வந்தார்.

"எங்க வீரக்குட்டி அத்தான்?" எண்டன்.

"கொழும்புத் துறைமுகத்தில வேலை தேடப் போறானாம். மூதூரில லோஞ்ச் வள்ளத்தில ஏத்திப்போட்டு வாறன்."

அவ்வளவுதான். மூண்டு வருசம், ஒரு கடுதாசி இல்லை. பக்கத்து வளவுச் சிவகாமிப்பிள்ளை அக்கா, "அவரைக் கடைசியாக் கண்டது உன்ர மனுசன்தானே புள்ள" எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா. நான் காதில விழுத்துறேல்லை.

பிறகு மாசி மாசம் முருங்கைக் கொப்பு நடக் கிடங்கு கிண்டினன். மண்வெட்டியில டொக்கெண்டு பட்டுது. வேராக்கும் எண்டு இழுத்தா எலும்பு! ஒரு நுனியில தேசிக்காய் மாதிரி உருண்டை, மற்ற நுனியில ரெண்டு முழி. ஆடு மாடு எண்டா எனக்குத் தெரியாதே? என்ர தொடையோட வச்சுப் பாத்தன். அளவாப் பொருந்திச்சுது. மனிச எலும்பேதான்.

அப்பதான் ஞாபகம் வந்தது: "அந்த மூலையில ஒண்டும் நடாத, உவர் மண்" எண்டு இவர் எப்பவோ சொன்னவர். உவரோ, வேற ஏதுமோ?

எலும்பை உமிச்சாக்குக்குள்ள ஒளிச்சுப்போட்டன். அண்டையில இருந்து இவர் கத்தியைத் தீட்டினாலும் சந்தேகம், பாட்டுப் படிச்சாலும் சந்தேகம். பெரிய மீன் கொண்டுவந்தா, ஏன் இண்டைக்கு இவ்வளவு பட்சம் எண்டு யோசினை.

"என்னடி, என்ர முகத்தில கூத்தோ நடக்குது?" எண்டு கேட்டார்.

"ஒண்டுமில்லை, சாப்பிடுங்கோ."

ரெண்டு கிழமைக்கு மேல ஏலாமப் போச்சு. அம்மா வீட்டை போறன் எண்டு பொய் சொல்லி, எலும்பைப் பழஞ்சீலையில சுத்தி, பாதைப் படகு ஏறி ஆறு கடந்து, மூதூர்ப் பக்கம் சோமசேகரம் அப்போதிக்கரி ஐயாட்டப் போனன். ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கிறவர். வயலுக்குள்ள கண்டெடுத்தது எண்டு சொன்னன்.

அவர் மேசையில வச்சு விரலால காட்டினார். "தொடையெலும்பு. இந்த உருண்டை இடுப்புக் கிண்ணத்துக்குள்ள நிண்டு சுழலுறது. இது கழுத்து, வயசாளிகள் விழுந்தா உடையிற இடம். பின்னால தையல் போட்ட மாதிரி ஒரு வரம்பு ஓடுதே, அதிலதான் தொடைச் சதை பிடிச்சிருக்கும். வரம்பைப் பின்னுக்கு விட்டா உருண்டை வலப்பக்கம் பாக்குது. அப்ப இது இடக்கால்."

"ஆள் எவ்வளவு உயரம் ஐயா?" வாய் தவறிக் கேட்டிட்டன்.

கண்ணாடிக்கு மேலால பாத்தார். "உனக்கு ஆரின்ர உயரம் வேணும்?"

அழுதுகொண்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். ஐயா நாடாவை எடுத்து அளந்தார்.

"பதினைஞ்சரை அங்குலம். ஒராளின்ர உயரத்தில காவாசிக்குச் சொட்டுக் கூடத்தான் இந்த எலும்பு. ஆறடி ஆளெண்டா பதினெட்டுக்கு மேல வரவேணும். இந்த ஆள் அஞ்சடிதான். உருண்டையும் சின்னன். பொம்பிளை எண்டுதான் நினைக்கிறன்."

"பொம்பிளையோ? எந்தப் பொம்பிளை?" எண்டு பாய்ஞ்செழும்பினன்.

ஐயா சிரிச்ச சிரிப்பு! "உன்ர புருசன் பிறக்க முன்னமே செத்த மனுசி, புள்ள. பார், வேர் ஓடின தடம், பாரமும் இல்லை. இரு, விதானையாருக்குச் சொல்லவேணும், ஊர்ப் பொறுப்பு அவர்தானே."

விதானையார் ஆக்களோட வந்து கிண்டினார். மிச்ச எலும்பும் வந்துது. முந்தி அதில சவம் தாட்டது எண்டு ஊர்க் கிழவங்கள் சொல்லிச்சினம். எல்லாத்தையும் சுடலையில கொண்டுபோய்த் தாட்டாச்சு. ஆனா நான் இவரைச் சந்தேகப்பட்டு மூதூருக்குப் போன கதையும் வெளிய வந்திட்டுது.

இவர் குசினி வாசல்ல நிண்டு கேட்டார். "ரெண்டு கிழமை நான் கொண்டுவந்த மீனைச் சமைச்சுச் சாப்பிட்டனீ?"

"ஓம்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

"கேட்டா, நான் கொல்லேல்லை எண்டுதானே சொல்லியிருப்பீங்கள்."

இவருக்கு முகம் செத்துப்போச்சு. அடுத்த நாள் லோஞ்ச் ஏறினார், கொழும்புக்கு, தமையனைத் தேடி.

ஒம்பதாம் நாள் தனிய வந்தார். "கண்டனான். அங்க ஒருத்தியோட குடும்பமா இருக்கிறான். ஊருக்கு வரமாட்டானாம்." படமும் இல்லை, கடுதாசியும் இல்லை. அளந்து பாக்க இந்தமுறை என்ர கையில ஒண்டுமில்லை, அவரின்ர வாய்ச்சொல்லு மட்டும்தான். என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டார்.

நான் தண்ணிச் செம்பை நீட்டி, "இருங்கோ, சோறு போடுறன்" எண்டன். வீரக்குட்டி அத்தான் கடைசிமட்டும் வரேல்லை. நானும் திரும்பக் கேக்கேல்லை. நாப்பது வருசம் சீவிச்சம்.

நீங்களும் கட்டினவரை, கூடப்பிறந்ததை இப்பிடி ஐமிச்சம், சந்தேகம் பட்டிருப்பீங்கள், இல்லையெண்டு சொல்லாதேங்கோ. என்னத்தைக் கண்டு பட்டனீங்கள், பிறகு வாய்விட்டுக் கேட்டனீங்களோ? ஒளிக்காம எழுதுங்கோ பாப்பம்.