எண்ணெய் போடாத சைக்கிள்

ஊர் ஆற்றுப் பாலத்தின் உச்சிவரை ஒருமுறையாவது சைக்கிள் மிதித்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. நுரையீரல் இறுகிப்போன பிறகு, மூக்கில் குழாயும் பின்னால் ஆக்சிஜன் சிலிண்டருமாகத்தான் என் சவாரி. கேரியரில் சிலிண்டருக்கென்று தொட்டில் மாதிரி ஒன்று செய்து தந்தவர் என் வீட்டுக்காரர். சைக்கிள் மெக்கானிக். கதவோ கத்தரிக்கோலோ, கீச்சென்று எது கத்தினாலும் எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்பார்.

அப்படித்தான் ஒருநாள் சிலிண்டரின் திருகும் கத்தியது. இரண்டு சொட்டு விட்டுவிட்டார்.

சிலிண்டர் மாற்ற வந்தவர் முகர்ந்து பார்த்துப் பதறிவிட்டார். "என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? ஆக்சிஜன்ல எண்ணெய் பட்டா குப்புனு பத்திக்கும். அம்மா தப்பிச்சதே பெரிய விஷயம்!"

சிலிண்டரையும் திருகையும் மாற்றித் தந்துவிட்டு அவர் போய்விட்டார். என் வீட்டுக்காரர்தான் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். சைக்கிளைப் பட்டறைக் கூரைக் கொக்கியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேச்சையே நிறுத்தினேன். ஜன்னலோரம் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். காற்றில் முன்சக்கரம் மெல்லச் சுற்றும். கண்ணை மூடினால் நானும் அதன்மேல் தலைகீழாக, மேகத்துக்குள் மிதித்துக்கொண்டு போவேன். மூச்சே வாங்காது.

ஒரு விடியலில் விழித்தபோது சைக்கிள், எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் துடைத்தெடுக்கப்பட்டு, வாசலில் நின்றது. அவர் சோப்பு கரையக் கரையக் கை கழுவிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து கறுப்பாகவே பார்த்த நகங்கள் வெளுத்திருந்தன.

"கிளம்பு," என்றார்.

வெளியே ஒரே பனி. ரோடு எது, ஆறு எது என்று தெரியவில்லை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் குழாயில் 'புஸ்' என்றது, அதற்கேற்றபடி மிதித்தேன். உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. செயின் மட்டும் ஊரையே எழுப்பும்படி கத்தியது.

பேப்பர் போடுகிறவர் சிரித்தார். "என்ன மெக்கானிக், உங்க வீட்டு வண்டியே இப்படி அழுவுது?"

என் வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்காமல் என் பின்னால் ஓடிவந்தார்.

பாலத்து உச்சியில் கால் ஊன்றினேன். என்னைவிட அவருக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது.

"குழாய் வேணுமா?" என்றேன். பேச்சை நிறுத்திய பிறகு நான் பேசிய முதல் வார்த்தை. "செயினுக்கு ஒரு சொட்டு விட்டா என்னவாம்? மானம் போகுது."

"போகட்டும்," என்றார். "இந்தப் பனியில ஒண்ணும் தெரியல. அது கத்துற வரைக்கும் நீ போய்க்கிட்டு இருக்கேன்னு தெரியுமில்ல?"

கத்தட்டும் என்று மிதித்தேன்.