கெல்வின் கொண்டுவந்த விறகு

நோலீன் ட்ரிஃபிட் வீட்டு இரும்பு அடுப்பில் பதினொரு குளிர்காலம் விறகு எரிந்து குளிரைத் தந்தது. தீ என்னவோ நல்ல தீதான். செக்கச்செவேலென்று எழும், படபடவென்று வெடிக்கும், புகையும் ஒழுங்காகப் புகைபோக்கி வழியே போகும். ஆனால் மேலே வைத்த கெட்டிலில் அரைமணி நேரத்தில் பனிக்கட்டி பிடித்துவிடும். எங்கள் டாஸ்மேனியாவில் ஜனவரிதான் கோடை; அந்த வெயிலில் கரண்ட் போனால் டன்னிஸ் மார்ஷ் ஊர்க்காரர்களான நாங்கள் ஆட்டிறைச்சியை அவள் அடுப்பில்தான் கொண்டுபோய் வைத்தோம். நான்கு கட்டை பற்றவைத்தால் சாயங்காலம்வரை கெடாது.

எல்லா விறகும் அப்படியில்லை, கெல்வின் கொண்டுவந்தது மட்டும்தான். கெல்வின், நோலீனின் செத்துப்போன புருஷன் வெர்னுக்கு அண்ணன். எங்கள் மேட்டில் ஒரு வழக்கம் உண்டு: விறகு வெட்டப் போன இடத்தில் ஒருவன் இறந்தால், கூடப் போனவன் அந்த வீட்டுக் கொட்டகையை வருஷாவருஷம் நிரப்ப வேண்டும். கதவைத் தட்டக்கூடாது, டீயை எதிர்பார்க்கக்கூடாது. அந்த வீட்டார் வெளியே வந்து பேசவோ, விறகை வேண்டாமென்று சொல்லவோ, வேறு விறகு எரிக்கவோ கூடாது. ஆகவே நோலீன் மூன்று கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எரித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஈர விறகைக் கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்றார்கள். எங்கள் ஆட்களைத் திருடன் என்றாலும் பொறுத்துக்கொள்வார்கள், உன் விறகு ஈரம் என்றால் தாங்கமாட்டார்கள். பாவம், கெல்வின் மூன்று வருஷம் காயவைத்த கட்டைகளாகப் பார்த்துக் கொண்டுவந்தான். அடுப்புப் பக்கத்தில் நோலீனுக்குப் பல் கிட்டியதுதான் மிச்சம்.

வெர்ன் இறந்தது ஒரு ஜூலை மாதக் காலையில், முழங்கால் பனியில். காற்றில் விழுந்த யூகலிப்டஸ் மரத்தை அண்ணனும் தம்பியும் துண்டுபோட்டு, டிராக்டரில் கட்டி மலைச்சரிவில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓட்டியவன் வெர்ன். மரம் ஒரு அடிக்கட்டையில் போய் மாட்ட, முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டு டிராக்டர் பின்பக்கமாக அவன்மேல் கவிழ்ந்தது. போலீஸ்காரர் வந்து பார்த்து, சரிவு, உறைபனி, அவசரம் என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த அவசரம் என்ற சொல்லை நோலீன் பிடித்துக்கொண்டாள். அன்று காலை விறகுப் பெட்டியில் ஒரு சுள்ளிகூட இல்லையென்று அவள் வெர்னை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தாள். நான்தான் அவனைக் கொன்றேன் என்று தபால் ஆபீசிலும் தேவாலயத்திலும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். உடம்பு பாதியாக இளைத்தது. இந்தக் குளிர் எனக்கு வேண்டியதுதான் என்று மேலும் இரண்டு கட்டைகளை உள்ளே தள்ளுவாள். கெல்வின் கேட்டுக்கொண்டு தொப்பியைத் திருகுவான்.

பன்னிரண்டாம் குளிர்காலத்தின் முதல் சுமையை அவன் இறக்கியபோது நோலீன் வழக்கத்தை மீறிக் கொட்டகைக்கு வந்தாள். அவள் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"விறகில்லாம வீட்டுப் படி ஏறாதேன்னு வெர்ன்கிட்ட சொன்னேன் கெல்வின். அதான் நான் பேசி அவன் கேட்ட கடைசிப் பேச்சு."

கெல்வின் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான்.

"அவன் அவசரப்படல நோலீன். சங்கிலிய நான்தான் மாட்டுனேன். கீழ்க்கம்பி பனிக்குள்ள கெடந்துச்சு, குனியச் சோம்பப்பட்டு மேல மாட்டிட்டேன். அவன் செத்தப்புறம் கழட்டிக் கீழ மாட்டி வச்சுட்டுத்தான் ஆள் கூப்பிட ஓடினேன்."

டிராக்டர் ஓட்டுகிற எவனுக்கும் இது தெரியும். சங்கிலியை வண்டியின் பின்னால் அடியில் இருக்கும் கீழ்க்கம்பியில் மாட்டினால் மரம் சிக்கும்போது வண்டி நின்றுபோகும், மேலே மாட்டினால் மல்லாந்துவிடும். முழுப் பூசணிக்காயைப் பதினொரு வருஷம் சோற்றில் மறைத்திருக்கிறான் மனுஷன்.

நோலீன் கத்தவில்லை. "இனிமே இந்த வாசலுக்கு வராதே" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சுமையிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பற்றவைத்தாள். கெட்டில் கொதித்தது. கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப்போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். சாலையில் போன எங்களுக்கே கேட்டது.

அன்றே கெல்வின் வீட்டு அடுப்பு குளிர ஆரம்பித்தது. இரண்டு குளிர்காலம் அவன் எரிகிற தீக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு கிடந்தான். நோலீன் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களில் யாரும் அவனுக்கு விறகு கொடுக்கவும் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் குளிர்காலம், ஜூலையில், வெர்னின் டிராக்டர் கெல்வின் வீட்டுச் சரிவில் ஏறுவதை எல்லோரும் பார்த்தோம். ஓட்டியவள் நோலீன். பின்னால் ஒரு முழு மரம், சங்கிலி கீழ்க்கம்பியில். முற்றத்திலேயே துண்டுபோட்டு, பிளந்து, கொட்டகையில் அடுக்கிவிட்டு, கதவைத் தட்டாமல் போனாள். அவன் ஜன்னலுக்குப் பின்னால் நின்றான், வெளியே வரவில்லை.

அந்த விறகு பாதிதான் சுடுகிறது. கைக்குச் சூடு வரும், காலுக்குக் குளிர் போகாது. வருஷாவருஷம் அவள் கொண்டுவருகிறாள், வருஷாவருஷம் அப்படித்தான் எரிகிறது. கெல்வின் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறான்.