பன்னிரண்டாம் நாள் தண்ணீரில் எண்ணெய் இல்லை

1

இந்தக் கதை எனக்குச் சமையலறையில் கிடைத்தது. கடல்நீரில் கலந்திருக்கும் எண்ணெயை அளப்பது என் அண்ணியின் வேலை. ஆய்வுக் கப்பலிலிருந்து இறங்கிய மறுநாள், கரண்டியும் கையுமாக இதைச் சொன்னாள். வெங்காயம் கருகியதை இருவருமே கவனிக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘எண்ணெய் படர்ந்து கறுத்த அந்தக் கடலில், கயவர்களின் கப்பல் ஒன்று...’

(அண்ணி படித்தாள். “எந்தக் கயவன்? நான் பாக்கவே இல்லியே!” அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

நடந்தது இதுதான். சரக்குக் கப்பல்கள் வரிசைகட்டிப் போகும் தடம். போன பயணத்தில் அண்ணி எண்ணெயை அதிகமாகக் கண்ட அதே இடம். இம்முறை பன்னிரண்டாம் நாள் அங்கே தண்ணீர் எடுத்துக் கருவியில் வைத்தால், பூஜ்யம்! எண்ணெய் இருந்தால் கருவியின் புற ஊதா விளக்கொளியில் நீலமாக மினுங்கும். மினுங்கவில்லை. அவளுக்குச் சந்தேகம். கருவி படுத்துவிட்டதோ? அப்படியென்றால் இத்தனை நாள் உழைப்பும் பாழ்.

மூச்சிரைக்கக் கேப்டனிடம் ஓடினாள்.

“சார், கப்பலைத் திருப்பணும். இன்னொரு தடவை தண்ணி எடுக்கணும்.”

“அவ்ளோ எண்ணெயாம்மா?”

“எண்ணெயே இல்ல சார்!”

அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இல்லாததைத் தேடவா திரும்பணும்?”

“அறிக்கையில இருக்குன்னா உடனே நம்புவாங்க. இல்லைன்னா குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்க சார்.”

சிரித்துவிட்டார். கப்பல் திரும்பியது.

(இங்கே ஒரு புயலைக் கொண்டுவர ஆசை. ‘வானம் திடீரென...’ வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

3

இரண்டாவது தண்ணீரும் மினுங்கவில்லை. அண்ணி அதில் ஊசிமுனையளவு எண்ணெயைத் தானே கலந்து பார்த்தாள். எண் கிடுகிடுவென எகிறியது! கருவிக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே கடல்தான் தெளிந்திருந்தது.

மேல்தளத்துக்கு ஓடி, கம்பிவடம் சுற்றிக்கொண்டிருந்த மாலுமியின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள்.

“மேடம், கையெல்லாம் கிரீஸ்!”

“பரவாயில்லண்ணே, அளந்து முடிச்சாச்சு!”

4

கதை முடிந்ததென்று எழுந்தேன்.

“உக்காரு. இனிமேதான் கஷ்டமே” என்றாள். அறிக்கையின் முதல் வரி. நாளைக் காலை அறிக்கையை அனுப்பியாக வேண்டும். ‘சுத்தமாகிவிட்டது’ என்று எழுதினால், அதான் சுத்தமாச்சே என்று எவனாவது கப்பலின் கழிவெண்ணெயைக் கடலில் திறந்துவிடுவான். ‘ஓரிடத்தில், ஒரு நாள் மட்டும்’ என்றால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். கடல் தேறுகிற சேதி அமுங்கிப்போகும்.

“நீதானே எழுதறவ, சொல்லேன்.”

மூன்று வரி சொன்னேன். மூன்றையும் அடித்தாள். நான் எழுதும்போது அவள் அடிப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அவள் கண்கள் அப்படி மின்னி நான் பார்த்ததில்லை.

வரி இவ்வளவில் நிற்கிறது. நீங்கள் முடித்துக் கொடுங்கள்:

‘இந்தத் தடத்தில், இம்முறை, எண்ணெய்...’