அனுப்பியவர் விலாசம்

இடது கை நுழைந்துவிட்டது. வலது கைதான் மடங்க மறுத்தது.

"கொஞ்சம் தூக்கிப் பிடிடா," என்றாள் தம்பியிடம். அவன் அப்பாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான். தூக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் சட்டையை முதுகு வழியாக இழுத்து, ஒருவழியாக வலது கையையும் நுழைத்துவிட்டு, பொத்தான்களை மேலிருந்து போட ஆரம்பித்தாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத விரல்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓட்டையைத் தேட வேண்டியிருந்தது.

"கடைசிப் பொத்தானாவது அம்மா போடட்டும். கூப்பிடு," என்றான் தம்பி.

"கூப்பிட்டாச்சு. வரமாட்டேங்கறா."

அம்மா அறைக்கு வெளியே, கதவை ஒட்டிப் போட்ட நீல பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மாஸ்க். கண்கள் மட்டும் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தன. செத்துப்போன மனிதருக்கு இனி எந்தச் சளி ஒட்டப்போகிறது? ஆனாலும் மாஸ்க்கைக் கழற்றவில்லை, வாசலைத் தாண்டவும் இல்லை. அந்த ஸ்டூலை அங்கே போட்டு அம்மாவை உட்காரவைத்ததே மகள்தான்.

அப்பாவுக்கு ரத்தத்தில் புற்றுநோய். அதற்குக் கொடுத்த மருந்து, கிருமியோடு சண்டை போடும் அணுக்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. மகளுக்கு வேலையே அந்த அணுக்களோடும் கிருமிகளோடும்தான். நோயாளிகளின் உடம்பில் அகப்பட்ட கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, அது எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்கும் லேப் அது. அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்: "எம்பொண்ணும் என் தொழில்தான். கிருமிக்கு விலாசம் பாக்குறா. அதுவும் அனுப்பினவன் விலாசம். எங்களுக்குப் பெறுநர் விலாசம் கண்டுபிடிக்கவே நாக்கு தள்ளும்."

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்போதெல்லாம் கேட்பார்: "பட்டாளம் எப்படி இருக்கு?"

"பாதிப் பேர் லீவுப்பா."

"மீதிப் பேர்?"

"சீட்டாடிட்டு இருக்காங்க."

சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். ஆனாலும் சிரிப்பார்.

போன மாதம் அம்மா ஒரு தும்மல் தும்மினாள். ஒரே ஒரு தும்மல். அன்றைக்கே மகள் லேப்பில் லீவு போட்டுவிட்டு, ஸ்டூலை வெளியே கொண்டுவந்து வைத்தாள். "நீ இனிமே உள்ள வராதம்மா. நான் பாத்துக்கறேன். எனக்குத் தெரியாததா?" அப்புறம் ஊட்டுவது, துடைப்பது, மருந்து ஏற்றுவதற்காகக் கையில் போட்டிருந்த குழாயைச் சுத்தம் செய்வது எல்லாம் அவள்தான். அம்மா வாசலில் உட்கார்ந்தபடி, கஞ்சியில் உப்பு போதுமா, போர்வை விலகியிருக்கிறதே என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மூக்குன்னு இருந்தா சளின்னு இருக்கும். அவளை உள்ள விடு," என்றார். மகள் விடவில்லை.

அப்புறம் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் கிருமி என்றார்கள். நேற்று மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கேயும் அம்மா கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் நின்றாள்.

அத்தை உள்ளே வந்தாள். அப்பாவின் தங்கை. அழுது முடித்த முகம். "என்ன அண்ணி இது, அவர் அங்க கிடக்கறார், நீங்க யாரோ மாதிரி இங்க உக்காந்திருக்கீங்க? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும்," என்றாள் அம்மா. மாஸ்க்குக்குள் குரல் அமுங்கிக் கேட்டது. "என் சளிதான் அவரைக் கொண்டுபோயிடுச்சு. இன்னும் கிட்டப் போயி என்ன பண்ணணும்கறே?"

"சளிக் கிருமி வேற, இது வேறம்மா. நேத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்," என்றாள் மகள் உள்ளிருந்து.

"வேறயா இருந்தா என்னை ஏன் வெளியில உக்கார வச்சே?"

அம்மா கேட்டது நியாயம்தான்.

அப்போது ஃபோன் அடித்தது. லேப்பிலிருந்து, சல்லடை. அந்தப் பையனின் நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. லேப்பில் வேலை செய்கிற எல்லோருடைய மூக்கிலிருந்தும் வருஷத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்து, அதிலிருக்கும் கிருமிகளைப் படித்து கம்ப்யூட்டரில் போட்டுவைப்பார்கள். நோயாளியின் சாம்பிளில் அதே கிருமி தெரிந்தால், கையாண்டவரின் மூச்சோ விரலோ பட்டுக் கலந்துவிட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் அதைச் சலித்து வெளியே தள்ளிவிடும். அந்தச் சல்லடையைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்.

அவள் பின்பக்கம் வாஷிங் மெஷின் வைத்திருந்த இடத்துக்குப் போய் நின்றாள்.

"அக்கா, இந்த நேரத்துல கூப்பிடறதுக்கு மன்னிச்சுக்கங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து அப்பாவோட சாம்பிள் நம்மகிட்டதான் வந்துச்சு. நான்தான் மெஷின்ல ஓட்டினேன். ஆனா சல்லடையில நின்னுடுச்சு. உங்க மூக்குக் கிருமியோட அப்படியே பொருந்துது. எங்கயோ உங்க கை பட்டிருக்கு. ஆஸ்பத்திரியில மிச்சமிருக்கற சாம்பிள் கேட்டு வாங்கித் திரும்ப ஓட்டவா?"

"நான் தொடலயே."

"மறந்திருப்பீங்க. எனக்கே ஆகும்."

"லேப் பக்கமே வரல நான். ஒரு மாசமா லீவு. ரத்தம் எடுத்தது நர்ஸ். சொந்தக்காரங்க சாம்பிளைத் தொடக்கூடாதுன்னு விதி வேற."

மறுமுனையில் ஃப்ரீசர் இரைவது கேட்டது. அவனும் கெட்டிக்காரன்தான். புரிந்துகொள்ள நேரமாகவில்லை.

"அக்கா," என்றான் கடைசியில். "நான் கலப்படம்னே போட்டு மூடிடறேன். யாரும் கேக்கமாட்டாங்க."

அவள் வாஷிங் மெஷின் மேல் சாய்ந்துகொண்டாள். அந்தக் கிருமி எத்தனையோ பேருடைய மூக்கில் சாதுவாகக் குடியிருக்கும். காய்ச்சல் தராது, தும்மல் தராது. பட்டாளம் இல்லாத உடம்புக்குள் போனால்தான் அதன் சுயரூபம் தெரியும். இதை அவள் மேடையேறிப் பேசியிருக்கிறாள், டாக்டர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். முதல் இரண்டு நாள் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அப்பாவிடம் போனாள். "மூஞ்சியைக் காட்டு, ஆஸ்பத்திரியில இருக்கற மாதிரி இருக்கு," என்றார். எனக்குத்தான் சளி இல்லையே என்று கழற்றி வைத்தாள். கழற்றிய முகத்தோடு குனிந்துதான் தினமும் அந்தக் குழாயைச் சுத்தம் செய்தாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அழுகை வரவில்லை. அப்படியே அங்கேயே படுத்துவிடலாம் போலிருந்தது.

"அக்கா? போட்டுடவா?"

போட்டுவிடலாம். அவனைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மாவுக்கும் தெரியாது. அம்மா மிச்சக் காலமெல்லாம் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"போடாத," என்றாள். "என்ன வந்துச்சோ அதையே எழுது."

அவள் திரும்பி வந்தபோது தம்பி தெருவாசல் பக்கத்திலிருந்து வந்தான். "வண்டி தெரு முனைக்கு வந்துடுச்சாம். இப்ப வந்துடும்."

அவள் ஸ்டூலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா. உன் சளி இல்லம்மா."

"திரும்ப ஆரம்பிக்காத."

"இல்லம்மா, கேளு. இப்பதான் ஃபோன் வந்துச்சு. அப்பா ரத்தத்துல இருந்த கிருமி என்கிட்டேர்ந்து போயிருக்கு. என் மூக்குல இருக்கறதும் அதுவும் ஒண்ணு. நான்தான்."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அத்தை அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அம்மா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று மகள் தேடினாள். இருந்தால் தேவலை என்று நினைத்தாள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களில் களைப்பைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா."

"என்கிட்டேர்ந்து இல்ல."

"இல்லம்மா."

"அப்ப நான் உள்ள போலாம்," என்றாள் அம்மா.

காதிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழற்றி, மாஸ்க்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்து, மகளின் கையில் கொடுத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலைத் தாண்டிப்போய்க் கட்டிலில், அப்பாவின் இடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். அவர் நெற்றியில் கை வைத்தாள். கன்னத்தில் வைத்தாள். முகத்தின் மேல் குனிந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

பிறகு நிமிர்ந்து சட்டையைப் பார்த்தாள்.

"பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க," என்றாள். "ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது பாரு."

ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அவிழ்த்தாள். முதலிலிருந்து போட ஆரம்பித்தாள். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, வண்டி," என்றான் தம்பி.

"நிக்கட்டும்."

கடைசிப் பொத்தானையும் போட்டுக் காலரை நீவிவிட்டாள். அவருடைய தலையைப் பார்த்தாள். திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டினாள். "அந்தச் சீப்பை எடு."

சீப்பு வெளியே அலமாரியில் இருந்தது. மகள் எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் ஸ்டூல் வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். ஒரு கையில் மாஸ்க்கும் இன்னொரு கையில் சீப்புமாக, கையை முடிந்த மட்டும் உள்ளே நீட்டினாள்.

அம்மாவின் விரல்கள் காற்றில் தேடின.

"எட்டலை," என்றாள் அம்மா. "உள்ள வந்து குடு."

மகள் நின்றுகொண்டே இருந்தாள். அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. வெளியே வண்டிக்காரர் இன்ஜினை அணைத்தார்.