டீனாவின் உபவாச சாட்சி

"ஈஸ்டர் போயி எவ்ளோ நாளாச்சு! இன்னும் இன்னா உபவாசம் உனக்கு? தட்டு வெச்சது வெச்ச மாதிரியே கீது."

"பசிக்கல டாடி, விடுங்களேன்!"

"காத்தடிச்சா நம்மூரு கோரமண்டல் ரயில் ஸ்டேஷன்ல போய் விழுவ. கண்ணாடிய பாத்தியா?"

"மம்மிய கேளுங்க. அதுதான சபையில என்னை எழுப்பி நிக்க வெச்சி, 'ஈஸ்டருக்கு முன்னாடி லெந்து நாப்பது நாளும் எம்பொண்ணு ஒருவேளைதான் சாப்புட்டா'ன்னு சாட்சி சொல்லுச்சு! எல்லாரும் ஆமேன்னாங்க. இப்ப துன்னா இன்னா சொல்லுவாங்க?"

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சாராவுக்குக் கணவன் டென்சிலும் மகளும் போட்ட சண்டை முழுவதும் கேட்டது. அவள் கையில் டீனாவின் பள்ளிக்கூடப் பாவாடை இருந்தது. இடுப்பு லூசாகிவிட்டது என்று அவளேதான் இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். தைக்கும்போது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் டாக்டர் பவ்யாவிடம் கூட்டிப்போனாள்.

"அல்சரா இருக்கும் டாக்டர்" என்று சாராவே ஆரம்பித்தாள்.

டாக்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார். "மாசாமாசம் வருதாம்மா?" என்று டீனாவிடமே கேட்டார்.

"வரல. நின்னுபோச்சு."

சாராவுக்கு அது தெரியும். உபவாசத்தால் வந்த அசதி என்று விட்டுவிட்டாள்.

"குண்டாயிடுவோம்னு பயமா?"

டீனா தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர்.

"இப்படிச் சாப்பிடாம இருக்கறது எப்ப ஆரம்பிச்சுது?" டாக்டர் இப்போது சாராவைப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜாயும் அதே சபைதான். அன்றைக்கு ஆமேன் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. சாரா முந்தானையைத் திருகினாள். சொல்லாமல் போனால் அல்சர் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் பிள்ளை?

"லெந்து உபவாசத்துல டாக்டர். நான்தான் அதைப் பெருசா பேசி ஏத்திவிட்டேன்."

"இது பிடிவாதம் இல்லம்மா, சாப்பாட்டையே ஒதுக்க வைக்கிற நோய். அனரெக்ஸியான்னு சொல்லுவாங்க. நாடி ரொம்ப மெதுவா இருக்கு. இன்னைக்கே ரத்தமும் இசிஜியும் பாத்துடுவோம். பெங்களூர்ல மனநல டாக்டரையும் பாக்கணும்." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது சாராவுக்கு.

திரும்பும்போது ஆட்டோவில் டீனா மெதுவாகச் சொன்னாள்: "நான் நல்லாயிட்டா அதையும் சாட்சி சொல்லிடாத, மம்மி."

அந்தச் சாட்சியைக் கேட்டுவிட்டு சபையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைத்திருப்பதும் சாராவுக்குத் தெரியும். சாரா வாயைத் திறந்தால் டீனாவுக்கு அவமானம். மூடிக்கொண்டால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை அவள் என்ன செய்யட்டும்? உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் யாரிடம், எப்படிச் சொன்னீர்கள்? தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.