வேலிக்கு மேலே எமிலியாவின் தலை

போர் முடிந்த மறுவருடம், கடலுக்குப் போக நேவிக்காரர் பாஸ் கேட்பதை நிறுத்திய மாதத்தில், எத்தாளை என்கிற கரையூரில் எமிலியா தரையிலிருந்து இரண்டு முழம் உயர்ந்து மிதந்தாள். அன்றைக்குச் சூடை மீன் மலிவு, வெங்காயம் விலை ஏறியிருந்தது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவளின் விளக்குமாறு திடீரென்று மண்ணுக்கு எட்டாமல் போயிற்று, அவ்வளவுதான் நடந்தது. தாய் பிரான்சிஸ்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, கூட்டாமல் விட்ட மூலையைக் காட்டி ஏசினாள். கோயிலடியில் புனித அன்னம்மாளின் புதுமை என்றார்கள். பள்ளிவாசலடியில் ஜின்னின் வேலை என்றார்கள். பாண் கொண்டு வருகிற ஆட்டோக்காரன் வயிற்றில் வாய்வு என்றான். வெயில் ஏறியதும் அவள் தானாகவே இறங்கிவிட்டாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து, கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இன்னாசிப்பிள்ளை தன் வாடிக் கொட்டில் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றார். கிடுகு வேலிக்கு மேலே எமிலியாவின் தலையைக் கண்டார், வலையைப் போட்டார், இழுக்க ஆள் காணாத அளவுக்கு மீன் பட்டது. அன்றிலிருந்து கடலைப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு வேலியைப் பார்க்கத் தொடங்கினார். தலை தெரிந்தால் தோணியில் வலை ஏறும். தெரியாவிட்டால் ஆட்கள் வாடிக்குள் கரம்போட் விளையாடுவார்கள். எந்த நாளில் மிதப்பாள் என்பது எமிலியாவுக்கே தெரியாது. மிதந்த நாளில் வலையில் வெறும் பாசி வந்தால், பிள்ளை இன்றைக்குச் சரியாக மிதக்கவில்லை என்று சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டார்கள்.

முந்தலில் இறால் பண்ணையில் வேலை செய்கிற கில்பட் அவளைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டான். அன்றைக்குச் சனத்தின் தலைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தவளின் செருப்பு கழன்று அவன் தோளில் விழுந்தது. அவன் மண்ணைத் தட்டி அதைத் திருப்பி நீட்டினான். மிதப்பதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பசிக்கிறதா என்று மட்டும் கேட்டான். எமிலியாவுக்கு அந்த இடத்திலேயே மனம் போய்விட்டது. பெண் கேட்டு வந்தபோது பிரான்சிஸ்காவுக்குச் சம்மதம்தான், ஊருக்குத்தான் சம்மதமில்லை.

"பிள்ளை முந்தலுக்குப் போனா மீனும் பின்னால போயிடும்," என்றார் இன்னாசிப்பிள்ளை. "எங்கட வயித்தில அடிக்காத, பிரான்சிஸ்கா."

எமிலியா அழுதாள், சாப்பிட மறுத்தாள். அழுகிற நாளிலும் மிதந்து தொலைத்தாள், கரையில் கைதட்டினார்கள். கில்பட் வீட்டாரோ தவக்காலம் தொடங்க முதல் முடிவு வேண்டும் என்றார்கள்.

அந்த வருடம் அவள் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எடுப்பதற்காக மதுரங்குளியில் தர்க்கம் படிப்பிக்கிற அளவையியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாடமாக்க வேண்டியது குறைவு என்று கேள்விப்பட்டுத்தான் அந்தப் பாடத்தை எடுத்தாள். இடி இடித்தால் மேலே யாருக்கோ கோபம் என்று நம்பிய மனிதர் எப்படி மெல்ல மெல்லக் காரணம் கேட்கப் பழகினார்கள் என்பதில் வகுப்பு தொடங்கியது. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முன்னதுதான் பின்னதற்குக் காரணம் என்று ஆகிவிடாது என்பதற்கு வந்தபோது எமிலியா வாங்கிலிருந்து கொஞ்சம் எழும்பியிருந்தாள். பக்கத்தில் இருந்த, கனமூலையிலிருந்து வருகிற றிஸ்லா, மின்விசிறியில் தலை படாமல் அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுத்து வைத்தாள்.

"ஏன் புள்ள, நீ மிதக்காத நாள்ல வலை போட்டுப் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப நீ இல்லாட்டி மீன் படாதெண்டு எப்பிடித் தெரியும்?"

எமிலியா பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் விரல் மடக்கி மிதந்த நாள்களை எண்ணிக்கொண்டு வந்தாள். அத்தனை பேருக்கும் கண் இருந்தும் இந்தக் கேள்வி ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று ஆத்திரம் வந்தது. தனக்கும் தோன்றவில்லையே என்றபோது சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் அவள் மிதக்கவில்லை. சிவப்பு பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கிடுகு வேலிக்குப் பின்னால் போட்டு ஏறி நின்றாள். வேலிக்கு மேலே தலை தெரிந்தது, தோணி இறங்கியது, வலை நிறையக் கும்பிளா மீன் வந்தது. வாடைக்காலம் முழுக்க மிதக்காத நாளெல்லாம் கதிரையில் நின்றாள். சில நாள் மீன் வந்தது, சில நாள் பாசி வந்தது, மிதந்த நாள்களில் நடந்ததைப் போலவேதான்.

தவக்காலத்துக்கு முதல் வந்த ஞாயிறு, பூசை முடிந்து சனம் கலையும்போது கோயில் முற்றத்தில் அந்தக் கதிரையை வைத்து ஏறினாள். "இதில நிண்டுதான் தலையைக் காட்டினன். நத்தார்ப் பண்டிகைக்குப் பட்ட பாரை மீனெல்லாம் நான் மிதக்காத நாள்ல பட்டதுதான். நான் மீன் கொண்டுவாறதில்ல. என்னைப் போக விடுங்க." இன்னாசிப்பிள்ளை கதிரையைச் சுற்றி வந்து அதன் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப கதிரைதானா?" என்றார்.

விளக்கம் சொல்ல வாயெடுத்தவள், கோயில் வாசலில் கில்பட் நிற்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டாள். பாடம் பிறகும் நடத்தலாம். கதிரையை ஊருக்கு விட்டுவிட்டுக் கலியாணம் முடித்துப் போனாள்.

முந்தலில் அவள் மிதக்கிற நாளில் இறால் குளங்களுக்கு மேலே போய், இறால் தின்ன வருகிற நீர்க்காகங்களைக் கலைத்தாள். எத்தாளையில் கதிரையைப் பழைய இடத்திலேயே, வேலிக்குப் பின்னால் வைத்தார்கள். அடுத்த மாரி முடிந்தபோது அதுவும் எழும்பத் தொடங்கியது. முதலில் ஒரு சாண், பிறகு வேலிக்கு மேலே.

எமிலியாவின் முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு இன்னாசிப்பிள்ளை கருவாட்டுப் பொதியோடு வந்தார். எமிலியா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள். "கதிரை மிதக்காத நாள்ல வலை போட்டுப் பாத்தீங்களா?"

"ஓம் பிள்ளை, இப்ப எல்லா நாளும்தான் போடுறம். நல்லாத்தான் படுது."

"பிறகு என்னத்துக்குக் கதிரை?"

அவர் தேத்தண்ணியை ஊதினார். "விடிய எழும்பினா வேலிக்கு மேல பாக்க ஒண்டு வேணுமே. நீ போன பிறகு அங்க ஒண்டும் தெரியாமக் கிடந்தது."

எமிலியா பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்தாள். கண் கலங்க, பிள்ளையோடு மெல்ல மேலே எழும்பினாள். கில்பட் கோப்பையைக் கீழே வைக்காமலே மற்றக் கையால் அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கருவாடு என்ன விலை போகிறது என்று கேட்டான்.